மூத்தவனுக்கு ஆட்டிசம், இளையவளுக்குத் தட்டம்மை ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்த மகனுக்கு ஐந்து வயது. 'அம்மா', 'தாத்தா', 'காக்கா' என்று நாலைந்து சொற்கள் பேசிக்கொண்டிருந்தவன், ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்ட பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஊசியால்தான் இப்படி ஆனது என்கிறார் என் மாமியார். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் இதை நிரூபித்தார் என்றும், மருந்து கம்பெனிகள் அவரை ஒழித்துவிட்டன என்றும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு வருகிறது. இப்போது மகளுக்குப் பத்து மாதம். ஒன்பதாம் மாத ஊசிக்காக நர்ஸ் அம்மா இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். குழந்தைக்குச் சளி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகனை அன்றைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மகளுக்கும் அதையே செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது மகளைப் பற்றி. ஆனால் 'மகனை அன்றைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியும் ஒரு கேள்விதான். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஊசியைப் போடுங்கள். வரும் புதன்கிழமையே போடுங்கள். மகனுக்கு ஆட்டிசம் வந்ததற்கு அந்த ஊசி காரணம் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன நீங்களும் காரணம் இல்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டாகப் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்து தேடிப் பார்த்த பிறகு தெரியவந்த உண்மை இது.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. பேரன் பேசியதை அவர் காதால் கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சு நின்றுபோனதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, கற்றுக்கொண்ட சில சொற்களை ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையே இழந்துவிடுகிறார்கள். நம் அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை வருவதும் 16 மாதம் முதல் 24 மாதத்துக்குள்தான். இரண்டும் ஒரே பருவத்தில் நிகழ்வதால், ஒன்றுக்குப் பின் மற்றொன்று வந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கத்தான் செய்யும். ஊசியே போடாத குழந்தைகளுக்கும் இதே வயதில் இதே போலப் பேச்சு நிற்கிறது. அந்த வீடுகளில் மொட்டை அடித்ததையோ, காய்ச்சல் வந்ததையோ, ஊர் மாறியதையோ, அடுத்த குழந்தை பிறந்ததையோ காரணமாகச் சொல்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் பழம் விழுந்தது உங்கள் வீட்டில் என்பதால், பழமொழியைச் சொல்லி நான் நகர்ந்துவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே சந்தேகத்தோடு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். ஒன்றரை வயது ஊசி வரை பையன் நன்றாக இருந்தான் என்பதற்குச் சாட்சியாக, அவனுடைய முதல் பிறந்தநாள் காணொளியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினார்கள். கேக்கைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். அத்தை அவன் பெயரைச் சொல்லி நான்கு முறை கூப்பிடுகிறார். கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டுகிறார். அவன் திரும்பவில்லை. கூரையில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாள் மின்விசிறிக் காற்றில் அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தாய் காணொளியை இரண்டாம் முறை தானாகவே போட்டுப் பார்த்தார். 'அன்றைக்கே இப்படித்தான் இருந்தானா?' என்று கேட்டு அழுதார். அவர்கள் பழி சொன்ன ஊசிக்கு அப்போது இன்னும் பல மாதங்கள் இருந்தன. 1994ஆம் ஆண்டிலேயே வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள்: ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளும் மற்ற 11 குழந்தைகளும் முதல் பிறந்தநாள் கொண்டாடிய வீட்டுக் காணொளிகளைப் பார்த்தார்கள். பெயரைச் சொன்னால் திரும்புவது, முகத்தைப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது ஆகியவற்றில் இரு சாராருக்கும் வேறுபாடு அன்றே தெரிந்தது.

ஒன்பதாம் மாத ஊசி அதற்கு முன்பே போட்டாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழந்தைகளின் பார்வை எங்கே பதிகிறது என்பதை இரண்டு மாத வயதிலிருந்தே கருவி கொண்டு அளந்தது. பிற்காலத்தில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளிடம், எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்க்கும் நேரம் இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கியிருந்தது. அந்த வயதில் எந்தக் குழந்தைக்கும் தட்டம்மை ஊசி போடுவதில்லை. வேர் அதற்கும் முந்தியது. ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் யாருக்கு வருகிறது என்பதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரபணு வேறுபாடுகள் தீர்மானிக்கின்றன என்று கணித்தது. மரபணு என்றதும் 'அப்படியானால் என் வழியாகத்தான் வந்ததா' என்று அடுத்த பாரத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கண்ணின் நிறத்தையோ உயரத்தையோ நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

இனி அந்த வெளிநாட்டு டாக்டர். அவர் பெயர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் குடல் நோய்களை ஆராய்ந்துவந்தவர். 1998 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் வேறு 12 பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. அதில் இருந்த குழந்தைகள் மொத்தமே 12 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகள் ஒருவர்கூட இல்லை. எம்.எம்.ஆர். ஊசிக்கும், அதாவது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும், ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதைத் தாங்கள் நிரூபிக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அதை வெளியிட்ட செய்தியாளர் கூட்டத்தில், மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் போடலாம் என்று வேக்ஃபீல்டு பேசினார். உலகம் அந்தப் பேச்சைத்தான் கேட்டது.

பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் பல ஆண்டுகள் விசாரித்து வெளிக்கொணர்ந்தவற்றைப் படிக்கும்போது, ஒரு மருத்துவராக எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஊசி தயாரிப்பாளர்கள் மீது வழக்குத் தொடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் ஒருவர் வழியாக வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். செலவுகள் நீங்கலாக அது 4,35,643 பவுண்டு. கட்டுரைக்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதமே, தனியான தட்டம்மை ஊசி ஒன்றுக்கு அவர் பெயரில் காப்புரிமை விண்ணப்பம் போயிருந்தது. அந்த 12 குழந்தைகளில் ஐந்து பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சி குறித்த கவலைகள் மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியிருந்தன. பேச்சை இழந்து ஆட்டிசம் வந்ததாகக் கட்டுரை சொன்ன ஒன்பது பேரில் மூன்று பேருக்கு ஆட்டிசம் என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவே இல்லை. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ஆய்வுக்காக ரத்தம் எடுத்திருக்கிறார். உடன் எழுதிய 12 பேரில் 10 பேர், அந்தக் கட்டுரைக்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தை 2004 மார்ச்சில் விலக்கிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம், பிரிட்டனின் பொது மருத்துவக் குழு அவரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மருந்து கம்பெனிகள் அவரை ஒழித்தன என்று குரல் பதிவில் வருகிறது; உண்மையில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் ஒரு பத்திரிகையாளரும், அவருடைய சொந்தத் தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பும்தான்.

அவர் ஏமாற்றினார் என்பதால் மட்டுமே ஊசி குற்றமற்றது ஆகிவிடாது என்று நீங்கள் கேட்டால் அதுவும் சரியே. அதனால்தான் பலர் தனித்தனியாகச் சோதித்தார்கள். டென்மார்க்கில் குடிமக்கள் ஒவ்வொருவரின் ஊசியும் நோயும் அரசுப் பதிவேட்டில் இருப்பதால், 2002இல் 5,37,303 குழந்தைகளையும், 2019இல் வேறு 6,57,461 குழந்தைகளையும் பார்த்தார்கள், எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. ஜப்பான் வேறு ஒரு காரணத்துக்காக 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்திவிட்டது. யோகோஹாமா நகரில் அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடமும் ஆட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டேதான் போனது.

உங்களுக்கென்றே நடத்தியது போன்ற ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில், அண்ணனோ அக்காளோ உள்ள 95,727 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள்; அவர்களில் 1,929 பேரின் மூத்த உடன்பிறப்புக்கு ஆட்டிசம் இருந்தது. மற்றக் குடும்பங்களில் 84 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் எம்.எம்.ஆர். போடப்பட்டிருந்தது, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்த குடும்பங்களில் அது 73 விழுக்காடுதான். நீங்கள் நர்ஸைத் திருப்பி அனுப்பியதைப் போல அங்கேயும் தாய்மார்கள் தயங்கியிருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தால் அவர்களின் இளைய பிள்ளைகளுக்கு ஆட்டிசம் குறைந்ததா என்றால், இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கூடியதா என்றால், அதுவும் இல்லை.

பாதரசம் பற்றியும் குரல் பதிவுகளில் சொல்கிறார்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் பாதரசச் சேர்மம் இல்லவே இல்லை. வேறு சில ஊசிகளில் கெட்டுப்போகாமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் தையோமெர்சல் என்ற பாதரசச் சேர்மம், உடலிலிருந்து விரைவில் வெளியேறும் வகை; டென்மார்க் 1992இலும் அமெரிக்கா 2001இலும் அதைக் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் ஆட்டிசக் கணக்கு குறையவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தன் இணையப் பக்கத்தில் தடுப்பூசியும் ஆட்டிசமும் குறித்த வாசகத்தை மாற்றியதையும் யாரேனும் உங்களுக்கு அனுப்பக்கூடும். அரசியல் தலைமை மாறியதால் வந்த மாற்றம் அது. மேலே சொன்ன ஆய்வுகளில் எதையும் அது பொய்யாக்கவில்லை. அதே ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் 762 பேருக்குத் தட்டம்மை பரவி, ஊசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள்.

சகோதரி, இந்தப் பொய்யில் என்னை மிகவும் வருத்துவது எது தெரியுமா? 1950களிலும் 60களிலும் ஆட்டிசத்துக்குக் காரணம் தாய்தான் என்று படித்தவர்களே சொன்னார்கள். பிள்ளையிடம் பாசம் காட்டாத, மனம் குளிர்ந்துபோன தாய்மார்களால் இது வருகிறது என்று புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதியதை நம்பி, எத்தனையோ பெண்கள் தங்களையே வெறுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு 1964இல் அதை மறுத்து எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல விலகத் தொடங்கியது. விலகிய பழியை 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வேறு வழியாகக் கொண்டுவந்து மீண்டும் தாயின் மடியிலேயே போட்டது. பாசம் இல்லாதவள் என்று அன்று சொன்னார்கள். பாசத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டவள் என்று இன்று சொல்கிறார்கள். நீங்கள் அன்று செய்தது ஒரு தாய் செய்ய வேண்டிய காரியம். அதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். உங்களுக்குள்ளேயும் இடம் கொடுக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: இந்த ஊசியில் உள்ள ரூபெல்லா பகுதி, ஆட்டிசத்தின் ஒரு காரணத்தைத் தடுக்கிறது. கருவுற்ற தாய்க்கு முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவற்றோடு பிறக்கலாம். 1964இல் அமெரிக்காவில் ரூபெல்லா பெருவாரியாகப் பரவியபோது கருவிலேயே பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். அவர்களில் 18 பேருக்கு ஆட்டிசம் முழுமையாகவோ பகுதியாகவோ இருந்தது. அன்றைய பொதுக் கணக்கோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய எண்ணிக்கை. உங்கள் மகள் நாளை தாயாகும்போது அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்த ஊசியை இன்று போடுகிறோம்.

தட்டம்மையை, நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்வதை, வந்துபோகிற அம்மை என்று எண்ணிவிட வேண்டாம். காற்றில் பரவும் நோய்களில் இவ்வளவு வேகமாகத் தொற்றுவது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நிமோனியா, பேதி, கண்பார்வை இழப்பு, மூளைக்காய்ச்சல் ஆகியவை அதன் பின்னே வருகின்றன. மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் நான் பார்த்த ஒரு சிறுவனை இன்னும் மறக்க முடியவில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன், எழுதும்போது பென்சிலை நழுவவிடத் தொடங்கினான். பிறகு சில நொடிகளுக்கு ஒருமுறை உடல் வெட்டி வெட்டி இழுத்தது. நடந்தவன் படுத்தான், பேசியவன் வாய் ஓய்ந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மை, மூளையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து வெளிப்பட்ட எஸ்.எஸ்.பி.இ. என்ற நோய் அது. அதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் ஏறத்தாழ 600 பேரில் ஒருவருக்கு இது வருவதாகக் கலிஃபோர்னியாக் கணக்கு ஒன்று சொல்கிறது. உங்கள் மகள் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறாள்.

வதந்தியின் விலையை வேக்ஃபீல்டின் நாடே கொடுத்தது. இங்கிலாந்தில் 92 விழுக்காட்டுக்கு அருகில் இருந்த எம்.எம்.ஆர். ஊசி, 2003–04இல் 80ஆக இறங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998இல் 56 பேருக்கு மட்டுமே உறுதியான தட்டம்மை, பத்து ஆண்டில் 1,300ஐத் தாண்டியது. நம் மாநிலத்திலும், 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா சிறப்பு முகாம் தொடங்கியபோது இதே போன்ற வாட்ஸ்அப் செய்திகளால் பெற்றோர் பலர் மறுத்து, முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இனி செய்ய வேண்டியவை. புதன்கிழமை தடுப்பூசி அட்டையோடு துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். இலேசான சளியும் இருமலும் ஊசிக்குத் தடை இல்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் சில நாள் பொறுக்கலாம். மகளுக்குப் பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தாலோ, எதற்கேனும் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊசியை வலது மேற்கையில் போட்டு, வைட்டமின் ஏ திரவத்தையும் வாயில் ஊற்றுவார்கள். உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த கிருமி என்பதால் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரத்துக்குப் பிறகு, ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையே வரலாம், இலேசான தடிப்பும் தோன்றலாம். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். மிக அரிதாக, மூவாயிரம் நாலாயிரம் தவணைகளில் ஒன்றுக்கு என்ற அளவில், அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரக்கூடும். வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அது மூளையைப் பாதிப்பதில்லை. முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தன் சந்தேகத்தை அங்குள்ள மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும்.

மகனுக்குப் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் தொடர்ந்து கிடைக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், அரசு மருத்துவமனையோடு இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். 'ஊசியால் ஏறிய உலோகத்தை உடலிலிருந்து எடுக்கிறோம்' என்று யாராவது ட்ரிப் ஏற்ற வந்தால் ஏமாறாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையின்போதே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான்.

மகளைப் பற்றிக் கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்வது என் கடமை. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் இளைய பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதே கணக்குதான். நாளை அவளிடம் ஏதேனும் அறிகுறி தெரிந்தால், அப்போதும் இந்தப் புதன்கிழமையை நினைத்து வருந்த வேண்டியதில்லை. பெயர் சொன்னால் திரும்புகிறாளா, நீங்கள் காட்டும் திசையில் பார்க்கிறாளா, டாட்டா காட்டுகிறாளா என்று இப்போதிருந்தே கவனியுங்கள். ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விப்பட்டியலை வைத்து மருத்துவர்கள் சோதிப்பார்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. அவளுடைய இரண்டாம் தவணை ஊசிக்கான தேதியை நர்ஸ் அம்மா அட்டையில் எழுதித் தருவார். இந்தச் சோதனைக்கான தேதியையும் அதன் அருகிலேயே குறித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.